பாஸ் மீனுக்குப் பிளாஸ்டிக் புழு: கோளாறு ரீலிலா, தேர்விலா?

அமெரிக்காவின் டெக்சாஸில், டாலஸ், ஆஸ்டின் பக்கத்து ஏரிகளில் பிளாஸ்டிக் புழுவை இரையாகக் கட்டிப் பாஸ் என்னும் நன்னீர் மீன் பிடிக்கும் நம்மவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். ரீலைக் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் கேட்பது ஒன்றே: "காஸ்டிங் எனக்குச் சரிப்படவில்லை, ஸ்பின்னிங்குக்கு மாறிவிடட்டுமா?" அல்லது அதையே தலைகீழாக. மாறலாம். ஆனால் கோளாறு ரீலில் இருக்கிறதா, திருகி வைத்த அளவில் இருக்கிறதா, நுனியில் கட்டிய பொருளில் இருக்கிறதா என்று பார்க்காமல் மாறினால், அதே கோளாறு புது ரீலிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். காசுதான் தண்டம்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். எந்தப் படியில் சரியாகிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயர்க்குழப்பம் வராமலிருக்க ஒரு வார்த்தை. கோலுக்குக் கீழே தொங்குவது ஸ்பின்னிங் ரீல். வீசும்போது அதன் ஸ்பூல் (தூண்டில் இழையான நரம்பைச் சுற்றிவைக்கும் சக்கரம்) சுழலாது, நரம்பு சுருள்சுருளாகக் கழன்று போகும். கோலுக்கு மேலே உட்கார்ந்திருப்பது காஸ்டிங் ரீல். வீசும்போது ஸ்பூலே சுழலும்.

## எதையும் கழற்றும் முன்: சமையலறைத் தராசு

நுனியில் கட்டப்போவதை அப்படியே, தூண்டில் முள், ஈயம், புழு எல்லாம் சேர்த்து, கிராம் காட்டும் தராசில் வையுங்கள். ஈயத்தின் மேல் அச்சிட்ட எடையை மட்டும் பார்த்து முடிவு செய்வது பெரும்பாலோர் வழக்கம். அங்கேதான் கணக்கு தப்புகிறது. உப்பு கலந்து வார்த்த ஐந்து அங்குலக் குச்சிப்புழு ஒன்றே ஈயமில்லாமல் 9, 10 கிராம் நிற்கும். அதை ஈயமே இல்லாமல் காஸ்டிங்கில் வீசலாம். நான்கு அங்குல மெல்லிய புழுவோ 1/8 அவுன்ஸ் ஈயத்தோடு சேர்ந்தும் 7 கிராமை எட்டாது.

- மொத்தம் 7 கிராமுக்கு, அதாவது 1/4 அவுன்ஸுக்குக் கீழே: ஸ்பின்னிங்.
- 10 கிராமுக்கு, ஏறத்தாழ 3/8 அவுன்ஸுக்கு மேலே: காஸ்டிங்.
- இடைப்பட்டது: நரம்பின் தடிமன் தீர்மானிக்கட்டும். 10 பவுண்டு இழுவை வரை தாங்கும் ஃப்ளோரோகார்பன் வகை நரம்பு என்றால் ஸ்பின்னிங் தாங்கும். 12 பவுண்டுக்கு மேல் போனால் காஸ்டிங்.

இந்த மூன்று வரியை மீறிக் கட்டியிருந்தால் கீழேயுள்ள சோதனைகளில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. முதலில் எடையைச் சரிசெய்துவிட்டு மறுபடி வீசிப் பாருங்கள்.

## அறிகுறி 1: காஸ்டிங் ரீலில் குருவிக்கூடு

நரம்பு வெளியேறும் வேகத்தைவிட ஸ்பூல் வேகமாகச் சுழன்றால் நரம்பு ஸ்பூலுக்குள்ளேயே கூடு கட்டும். எப்போது கட்டுகிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

### வீச்சின் தொடக்கத்திலேயே கூடு

புழு கையைவிட்டுப் புறப்பட்டதுமே சிக்கினால் காரணம் ஸ்பூலின் வேகத்தை அடக்கும் பிரேக்கும் கையும். கோலைச் சாட்டைபோலச் சொடுக்குபவர்களுக்கு இது நிச்சயம் வரும். ஸ்பின்னிங்கில் பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொடுக்குவார்கள், ஏனென்றால் அங்கே அது குற்றமில்லை. காஸ்டிங்கில் கோலைப் பின்னால் கொண்டுபோய், எடை நுனியை வளைப்பதை உணர்ந்த பிறகு, ஒரே சீராக முன்னால் கொண்டுவர வேண்டும்.

பிரேக்கின் எண் பத்து வரை இருந்தால் எட்டில் வைத்துத் தொடங்குங்கள். சிக்காமல் பத்துப் பதினைந்து வீச்சு போனால் ஓர் எண் குறையுங்கள். வெளியே திருகு இல்லாமல் பக்கவாட்டு மூடிக்குள் சின்னச் சின்னக் கட்டைகள் இருந்தால் அது மையவிலக்கு பிரேக். எதிரெதிர்க் கட்டைகளைச் சோடியாகவே வெளியே தள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் ஸ்பூல் அதிர்ந்துகொண்டே சுழலும்.

### புழு தண்ணீரில் விழும் நேரத்தில் கூடு

இது கட்டைவிரல் வேலை. புழு தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஸ்பூலை அழுத்தி நிறுத்த வேண்டும். எந்த பிரேக்கும் இதை முழுவதும் உங்களுக்காகச் செய்யாது. கண் புழுவின் மேல் இருக்கட்டும், ரீலின் மேல் வேண்டாம்.

விரல் சரியாக இருந்தும் சிக்கினால் கைப்பிடிப் பக்கத்திலுள்ள சின்ன இறுக்கத் திருகைப் பாருங்கள். புழுவை நுனியிலிருந்து தொங்கவிட்டு, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்துங்கள். அது மெதுவாக இறங்க வேண்டும்; தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். தொட்ட பின்னும் இரண்டு சுற்று சுற்றினால் திருகை இறுக்குங்கள். ஈயத்தின் எடையை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தத் திருகைத் திரும்பப் பார்க்க வேண்டும். மறந்துபோவது இதுதான்.

### நடுவானில் கூடு

எதிர்க்காற்று. பிரேக்கை இரண்டு எண் கூட்டுங்கள், வீச்சைத் தாழ்த்துங்கள். டெக்சாஸின் மார்ச் மாதக் காற்றில் இதுவும் போதாத நாள்கள் உண்டு. அன்றைக்கு ஈயத்தை 3/8 அவுன்ஸுக்கு ஏற்றிவிடுங்கள், அல்லது கரையின் மறுபக்கம் போங்கள்.

### எப்போதுமே கூடு

மேலே சொன்னதெல்லாம் சரி, எடையும் சரி, ஆனாலும் சிக்குகிறது என்றால் நரம்பைப் பாருங்கள். ஸ்பூலின் விளிம்பு வரை நிரப்பியிருந்தால் 3 மில்லிமீட்டர் இடம் விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன் குளிரில் கம்பிபோல விறைக்கும். பழகும் காலத்தில் 12 பவுண்டு நைலான் நரம்பு போட்டுக்கொள்வது உத்தமம். மலிவு, மென்மை, சிக்கினாலும் வெட்டியெறிய மனம் வலிக்காது.

நரம்பும் சரி என்றால் ஸ்பூலைக் கழற்றி விரலால் சுழற்றுங்கள். கரகரவென்று உடனே நின்றால் பேரிங்கில் அழுக்கு. துடைத்து ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும். ஒரு துளிதான். சுழலும்போது ஸ்பூலின் விளிம்பு ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தால் அச்சு வளைந்திருக்கிறது. அதைக் கடைக்காரரிடம் கொடுங்கள், நிமிர்த்த முயல வேண்டாம்.

### விழுந்த கூட்டைப் பிரிக்க

கோபத்தில் நரம்பை இழுத்தால் முடிச்சு இறுகும். பொத்தானை விடுவித்து ரீலைப் பூட்டுங்கள். கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திக்கொண்டே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு பொத்தானை அழுத்தி நரம்பை மெதுவாக வெளியே இழுங்கள். சிக்கும் இடத்தில் நிறுத்தி, மறுபடி அழுத்திச் சுற்றி, மறுபடி இழுங்கள். பெரும்பாலான கூடுகள் இப்படியே அவிழும். அவிழ்ந்த பின் நரம்பை விரலுக்கிடையில் ஓடவிட்டுப் பாருங்கள். ஃப்ளோரோகார்பனில் மடிந்து வெளுத்த இடம் இருந்தால் அது வரை வெட்டிவிடுங்கள், பெரிய மீன் அந்த இடத்தில்தான் அறுத்துக்கொண்டு போகும்.

பழகும் வரை இன்னொரு காரியம் செய்யலாம். உங்களால் முடிந்த நீண்ட வீச்சைவிட ஐந்தாறு மீட்டர் கூடுதலாக நரம்பை இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிச்சமிருக்கும் நரம்பின் மேல் மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை ஒரு சுற்று ஒட்டி, அதன் மேல் நரம்பைத் திரும்பச் சுற்றுங்கள். கூடு கட்டினாலும் டேப்பைத் தாண்டி உள்ளே போகாது.

## அறிகுறி 2: ஸ்பின்னிங் ரீலில் நரம்பு முறுக்கேறிச் சுருள்கிறது

ஸ்பின்னிங்கில் சிக்கலே வராது என்று நம்பி வாங்கியவர்களின் ஏமாற்றம் இது. சுருள் சுருளாகக் கிளம்பி வளையத்தில் முடிச்சாக மாட்டும். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

புழு கோணலா? புழுவைக் கரையோரமாக ஒரு மீட்டர் தூரம் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். நேராக வந்தால் சரி. திருகாணிபோலச் சுழன்று வந்தால், நீங்கள் சுற்றிச் சேர்க்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் நரம்பு முறுக்கேறுகிறது. முள்ளைக் கழற்றி, புழுவின் நடுவில் வருமாறு மறுபடி குத்துங்கள். புழுவின் இடுப்பில் முள் குத்தும் வேக்கி முறையில் எவ்வளவு கவனமாகக் குத்தினாலும் கொஞ்சம் முறுக்கேறத்தான் செய்யும். வேகமாகச் சுற்றி இழுக்காதீர்கள். அல்லது லீடருக்கு (முள்ளுக்கு முன்னால் கட்டும் தனி நரம்புத் துண்டு) மேலே ஒரு சின்னச் சுழலியைக் கட்டிவிடுங்கள்.

நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் பெயில் கம்பியைக் கைப்பிடி சுற்றி மூடுகிறீர்களா? அப்படி மூடினால் ஸ்பூலில் ஒரு தளர்ந்த வளையம் விழும். அடுத்த வீச்சில் அதுதான் நான்கைந்து சுற்றுகளை இழுத்துக்கொண்டு வெளியே வரும். கம்பியைக் கையால் மூடுங்கள், நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்குங்கள், பிறகு சுற்றுங்கள்.

டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு, வழுக்கும்போது கைப்பிடியைச் சுற்றுகிறீர்களா? மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது பதற்றத்தில் எல்லோரும் செய்வது. 6:1 விகித ரீலில் கைப்பிடியின் ஒரு சுற்று நரம்பில் ஆறு முறுக்கு. மீன் ஓடட்டும், நின்ற பிறகு கோலை உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்றுங்கள்.

நரம்பு தடிமனா, அதிகமா? 14 பவுண்டு ஃப்ளோரோகார்பனை 2500 அளவு ஸ்பின்னிங் ரீலில் சுற்றி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நரம்பு அந்தச் சிறிய ஸ்பூலில் அடங்காது, துள்ளும். 6 முதல் 8 பவுண்டு போதும். இல்லாவிட்டால் 10 அல்லது 15 பவுண்டு பின்னல் நூலைச் சுற்றி, அதன் முனையில் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பனை இரண்டு மீட்டர் லீடராகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் புழுவுக்கு நான் ஸ்பின்னிங்கில் வேறெதையும் சிபாரிசு செய்வதில்லை.

உருளை நின்றுவிட்டதா? பெயில் கம்பியின் ஓரத்தில், நரம்பு திரும்பும் இடத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும். நரம்பைப் பிடித்து அதன் மேல் முன்னும் பின்னும் இழுங்கள். உருளை சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஒரு துளி எண்ணெய். நரம்பு அறுத்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் உருளையையே மாற்றுங்கள். சிறிய பாகம்தான், திருகு ஒன்றைக் கழற்றி நீங்களே மாற்றலாம்.

ஏறிவிட்ட முறுக்கை எடுக்க: முள், ஈயம் எதுவும் இல்லாமல் வெறும் நரம்பைப் படகின் பின்னால் ஐம்பது மீட்டருக்கு மேல் விட்டு, சில நிமிடம் மெதுவாக ஓட்டி, விரலால் இறுக்கிப் பிடித்துச் சுற்றுங்கள். கரையில் நிற்பவர்கள் புல்வெளியில் நரம்பை விரித்து நடந்தே இழுக்கலாம். நேரம் கூடுதலாகும், வேலை நடக்கும்.

### டிராக் இறுக்கியும் நரம்பு வழுக்குகிறது

பின்னல் நூல் சுற்றியவர்களுக்கு மட்டும் வரும் தனிக் கோளாறு. டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைப் பிரித்துப்போட்டவர்கள் உண்டு. டிராக்கை முழுவதும் இறுக்கி நரம்பை இழுங்கள். ஸ்பூல் அசையாமல் நிற்க, நூல் கட்டு மட்டும் மொத்தமாகச் சுற்றினால் டிராக்கில் குற்றமில்லை, நூல் ஸ்பூலைப் பற்றவில்லை. நூலை எல்லாம் எடுத்துவிட்டு, அடியில் ஏழெட்டுச் சுற்று நைலான் நரம்பு சுற்றி அதன் மேல் நூலைக் கட்டுங்கள்.

## அறிகுறி 3: கடி தெரிகிறது, சுண்டினால் மீன் இல்லை

ஸ்பின்னிங்கா காஸ்டிங்கா என்ற கேள்வி உண்மையில் எழ வேண்டிய இடம் இது. ஆனால் அதற்கு முன் கடித்தது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். டக், டக், டக் என்று விடாமல் கொத்தும் கடியும், வாலில்லாமல் திரும்பி வரும் புழுவும் பாஸின் வேலையல்ல. கையகல சன்ஃபிஷ் கூட்டம் வாலைப் பிய்க்கிறது. அதற்கு எந்தக் கோலும் மருந்தில்லை, இடம் மாறுங்கள். பாஸ் கொத்தாது. வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும். கையில் ஒரே ஒரு தட்டாகத் தெரியும், அல்லது நுனியில் பாரம் ஏறியதுபோல் இருக்கும்.

கடித்தது பாஸ்தான் என்றால்:

1. முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து இழுங்கள். பற்ற வேண்டும். வழுக்கினால் முள்ளை மாற்றுங்கள்.
2. டெக்சாஸ் ரிக் என்னும் கட்டு முறையில் முள் நுனி புழுவுக்குள் மறைந்திருக்கும். புழுவை இரண்டு விரலால் அமுக்குங்கள். நுனி சட்டென்று வெளியே எட்டிப்பார்க்க வேண்டும். எட்டாவிட்டால் புழு பருமன், முள்ளின் வளைவு குறுகல். மெல்லிய புழுவுக்கு 3/0 அளவு முள் போதும். நண்டு, பல்லி வடிவப் பருத்த இரைக்கு அகல வளைவுள்ள 4/0 அல்லது 5/0. இல்லையேல் நுனியை முழுக்கக் குத்தி வெளியே எடுத்து, முதுகுத் தோலில் மட்டும் மேலாகச் செருகி வையுங்கள்.
3. டிராக்கை ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள். சுண்டும் கணத்தில் ஸ்பூல் வழுக்கினால் விசை முள்ளுக்குப் போய்ச் சேராது. நரம்பின் தாங்குதிறனில் மூன்றிலொரு பங்கில் டிராக் விட்டுக்கொடுப்பது பொதுக் கணக்கு.
4. நைலான் நரம்பு நீளும். நாற்பது மீட்டருக்கு அப்பால் கடித்த மீனிடம் உங்கள் சுண்டலில் பாதிகூடப் போய்ச் சேராது. நரம்பை மாற்றுங்கள்.

நான்கும் சரியாக இருந்தால் கோலைச் சோதியுங்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் இருக்கும். அதை மரத்திலோ தூணிலோ கட்டி, நரம்பின் முனையை அதில் மாட்டி, பத்து மீட்டர் தள்ளி நின்று, ஏரியில் சுண்டுவதுபோலச் சுண்டுங்கள். இன்னொருவர் தராசைப் பார்க்கட்டும். மெல்லிய ஸ்பின்னிங் கோல் முழுசாக வளைந்து, நாம் பலமாகச் சுண்டியதாக நினைத்திருக்க, தராசின் எண் ஏமாற்றமாக இருக்கும். அதே கையில் ஏழடி மீடியம் ஹெவி (நடுத்தரத்தைவிட விறைப்பான) காஸ்டிங் கோலைக் கொடுத்தால் எண் எகிறும். பருத்த புழுவைத் துளைத்து மீனின் தாடைக்குள் தடித்த முள்ளை ஏற்ற அந்த விசை வேண்டும்.

இங்கிருந்து இரண்டு வழி.

ஸ்பின்னிங்கை விட மனமில்லை என்றால் முள்ளை மாற்றுங்கள், கோலை அல்ல. மெல்லிய கம்பி முள்ளும் மெல்லிய புழுவும் போடுங்கள். முள் நுனி வெளியே தெரியும் நெட் ரிக், வேக்கி, டிராப்ஷாட் ஆகிய கட்டு முறைகளுக்கு ஸ்பின்னிங்தான் தோது. இவற்றில் ஓங்கிச் சுண்டவே கூடாது. தளர்வைச் சுற்றி எடுத்துக்கொண்டு கோலைப் பக்கவாட்டில் அழுத்தமாக இழுத்தால் முள் தானே ஏறும்.

பருத்த புழு, மறைந்த முள், மரமும் புல்லும் நிறைந்த இடம் என்றால் காஸ்டிங் வாங்க வேண்டியதுதான். இதற்குக் குறுக்குவழி இல்லை. மீடியம் ஹெவி கோல், 7:1 அளவு விகிதமுள்ள ரீல், 15 பவுண்டு ஃப்ளோரோகார்பன். மலிவான ஸ்பின்னிங் ரீல் ஓரளவு உழைத்துவிடும். மிக மலிவான காஸ்டிங் ரீலின் பிரேக் முதல் அறிகுறிக்கே உங்களைத் திருப்பி அனுப்பும். பணத்தைப் பிரிக்க வேண்டியிருந்தால் காஸ்டிங்கில் ரீலுக்கும் ஸ்பின்னிங்கில் கோலுக்கும் கூடுதலாக ஒதுக்குங்கள்.

### மாட்டிய மீன் பாதி வழியில் கழன்றுகொள்கிறது

முள்ளைப் பாருங்கள். வளைவு நிமிர்ந்து திறந்திருந்தால் மெல்லிய முள்ளைத் தடித்த கோலில் கட்டியிருக்கிறீர்கள். டிராக்கைத் தளர்த்துங்கள், அதே முள்ளை ஸ்பின்னிங்கில் கட்டினால் இன்னும் நல்லது. முள் அப்படியே இருந்தால் நரம்பு எங்கோ தளர்ந்திருக்கிறது. மீன் துள்ளும்போது கோலை உயர்த்தாமல் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள்.

## அறிகுறி 4: கடியே தெரியவில்லை

புழுவை எடுத்துப் பார்த்தால் கடித்த தடம் இருக்கிறது, கையில் எதுவும் தெரியவில்லை. ஊரில் தக்கை அமிழ்வதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது பழகக் கொஞ்சம் நாளாகும். இங்கே தக்கை கிடையாது; தண்ணீருக்கு மேலே தெரியும் நரம்பே தக்கை. பெரும்பாலான கடி புழு இறங்கும்போதே விழும். இறங்கிக்கொண்டிருக்கும் நரம்பு துள்ளினாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ, தரை தொடும் முன்பே நின்றுவிட்டாலோ, யோசிக்காமல் தளர்வை எடுத்துச் சுண்டுங்கள். மஞ்சள் நிறப் பின்னல் நூல் போட்டால் கண்ணுக்குச் சுலபம். லீடர் நிறமற்றது என்பதால் மீனுக்குக் கவலையில்லை.

கண் பழகியும் தெரியாவிட்டால் ஆழத்தையும் எடையையும் பொருத்திப் பாருங்கள். ஆஸ்டினுக்குப் பக்கத்து டிராவிஸ் ஏரி சுண்ணாம்புப் பாறையும் தெளிந்த நீரும் ஆழமுமான இடம். அங்கே மெல்லிய நரம்பு, சிறிய புழு, ஸ்பின்னிங் என்பதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. ஆனால் 25 அடி ஆழத்தில் 1/16 அவுன்ஸ் ஈயம் தரையைத் தொட்டதே தெரியாது. 3/16, தேவைப்பட்டால் 1/4 வரை ஏற்றுங்கள். ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் போட்டால் பாறையா, மண்ணா, சரளையா என்று கைக்குத் தெளிவாகத் தெரியும். விலைதான் கடி.

நரம்பு கோல் நுனியில் ஒருமுறை சுற்றிக்கொண்டிருந்தாலும் எதுவும் தெரியாது. முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

## அறிகுறி 5: நரம்பு அறுகிறது

அறுந்த முனையைத் தூக்கியெறியாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

முனை பன்றிவால்போலச் சுருண்டிருக்கிறது: முடிச்சு நழுவியிருக்கிறது. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். பின்னல் நூலுக்குப் பாலோமர் முடிச்சு.

முனை சொரசொரப்பாக, வெளுத்து இருக்கிறது: பாறையிலோ மரத்திலோ உரசியிருக்கிறது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு சிக்கலுக்குப் பிறகும், கடைசி அரை மீட்டரை விரலிடுக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். தட்டுப்பட்டால் வெட்டிக் கட்டுங்கள்.

எப்போதும் முடிச்சுக்கு வெகுமேலே அறுகிறது: கோலின் வளையத்தில் விரிசல். கண்ணுக்குத் தெரியாது. பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் சுற்றித் தேயுங்கள். பஞ்சிழை மாட்டும் வளையம்தான் குற்றவாளி. நுனி வளையம் என்றால் பசையைச் சூடாக்கிக் கழற்றி நீங்களே மாற்றலாம். நடு வளையங்களை நூல் சுற்றிக் கட்ட வேண்டும். அது கோல் கட்டுபவரின் வேலை.

மீன் மரத்துக்குள் நுழைந்த பிறகே அறுகிறது: இது பழுதல்ல, தேர்வு. டெக்சாஸின் பாஸ் சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992இல் பிடிபட்ட ஃபோர்க் ஏரியில் தண்ணீருக்கடியில் காடே நிற்கிறது. அங்கே 8 பவுண்டு லீடரோடு மரத்தருகே போடுவது மீனுக்கு முள்ளைத் தானம் செய்வதுதான். பாஸ் கடித்ததும் முதலில் தேடுவது அடிமரத்தை. முதல் இரண்டு விநாடியில் அதன் தலையைத் திருப்ப ஸ்பின்னிங் ரீலுக்கும் மெல்லிய கோலுக்கும் வலு போதாது. காஸ்டிங், ஏழரை அடி ஹெவி கோல், 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன். புல் மண்டிய இடத்தில் 50 பவுண்டு பின்னல் நூலை நானும் போடுவேன். மரத்தில் போடமாட்டேன், ஊறிய மரத்துக்குள் அது ரம்பம்போல இறங்கி மாட்டிக்கொள்ளும். ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸைத் திரும்ப விட வேண்டும் என்பது விதி. அறுத்துக்கொண்டு வாயில் முள்ளோடு போவதைவிட, சீக்கிரம் கரைசேர்த்து, அளந்து, நல்லபடியாக விடுவது அந்த விதிக்கும் பொருந்தும்.

## அறிகுறி 6: படகுத்துறைக்கு அடியில் புழு போகவில்லை

தண்ணீர்மட்டத்தில் தவளைக்கல் எறிவதுபோலப் புழுவைத் தத்தவிட வேண்டிய இடம். காஸ்டிங்கில் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தத்தும் ஒவ்வொரு முறையும் புழுவின் வேகம் குறையும், ஸ்பூலின் வேகம் குறையாது, கூடு கட்டும். பிரேக்கை ஏற்றி, விரலை அழுத்திப் பழகலாம். எனக்குக் கேட்டால், ஸ்பின்னிங் கோலை எடுத்து, ஈயமில்லாத குச்சிப்புழுவைக் கட்டி, கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசுங்கள். பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

## அறிகுறி 7: ரீலே தகராறு

கைப்பிடி பின்னோக்கிச் சுற்றுகிறது. பழைய ஸ்பின்னிங் ரீலின் அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அது தெரியாமல் திரும்பியிருக்கலாம். அதைத் திருப்பியும், அல்லது அது இல்லாத ரீலிலும், சுண்டும்போது கைப்பிடி பின்னால் விழுந்தால் ஒருவழி பேரிங் வழுக்குகிறது. அதற்குள் கிரீஸ் அதிகம் போனதுதான் வழக்கமான காரணம். வீட்டில் பிரிக்க வேண்டாம், கடையில் கொடுங்கள்.

காஸ்டிங்கில் நரம்பு ஒரே பக்கம் குவிகிறது. நரம்பைப் பரப்பும் வழிகாட்டி நின்றுவிட்டது. அதன் திருகுத்தண்டில் மணலோ நரம்புத் துண்டோ இருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து எண்ணெய் விடுங்கள். அசைந்து அசைந்து நின்றால் உள்ளே இருக்கும் சின்னக் கொக்கி தேய்ந்திருக்கிறது. பாகம் மலிவு; கை பழகியவர்கள் தாங்களே மாற்றிக்கொள்வார்கள்.

சுற்றும்போது பல்லைக் கடிக்கும் சத்தம். மணல் என்றால் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டால் போகும். போகாவிட்டால் பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது. பாகத்தின் விலையோடு கூலியும் சேர்ந்து ரீலின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்குங்கள். தாண்டாவிட்டால் பழுதுபார்க்கக் கொடுங்கள். நல்ல ரீல் ஒரு பற்சக்கரத்துக்காகக் குப்பைக்குப் போக வேண்டியதில்லை.

கோலை வளைத்தால் டிக் என்று சத்தம். உடனே நிறுத்துங்கள். இரண்டு துண்டுக் கோல் என்றால் பொருத்தை இறுக்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் சரி. நிற்காவிட்டால் கோலின் உடலில் விரிசல். டேப் சுற்றியோ பசை தடவியோ காலம் தள்ளாதீர்கள். கார்பன் கோல் முறியும்போது கூரிய சிம்புகளாகத் தெறிக்கும். ரசீதைத் தேடி எடுத்து, உத்தரவாதக் காலம் முடியும் முன் கடைக்குப் போங்கள்.